த. ஒரு குப்பி, பொன்னுலிங்கம் ஒரு குப்பி

போதைப் பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுத்து, குப்பியின் மேல் முத்திரை ஒட்டியதும், கொடுத்தவரின் பெயர் குப்பிக்குள் போய்விடும். ஆய்வகம் முடிவை அனுப்பும்போது பெயரும் அதே கூரியரில் திரும்பி வரும். இடைப்பட்ட நாட்களில் படிவத்திலுள்ள எண்ணை வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். அந்த ஊரில் லாரி, பஸ் ஓட்டுகிற எல்லோரும் வருஷத்துக்கு நாலு நாள் எண்ணாக இருந்து பழகியவர்கள்.

த. பொன்னுலிங்கத்தின் முறை திங்கட்கிழமை வந்தது. மில் ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸுக்கு அவர் டிரைவர். இருபது வருஷ சர்வீஸில் பீடியைக்கூடத் தொட்டதில்லை, ஆகவே பரிசோதனையைப் பற்றிப் பயமில்லை. அவரைப் பிடித்து ஆட்டியது வேறு. மகள் வினோதா பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுப் பட்டியலுக்குப் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அப்பாவுக்கே பெயர் இல்லையென்றால் பிள்ளைக்கு இனிஷியல் ஏது? இனிஷியல் இல்லாத பிள்ளையைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

"வியாழக்கிழமைக்குள்ள வந்துருமா?" என்று கேட்டார்.

"வந்துரும்ணே. சட்டைப்பையில உள்ளதை எல்லாம் எடுத்து வெளிய வைங்க. உள்ள தண்ணி ஊத்தக் கூடாது," என்றாள் மாதிரி எடுக்கும் ஸ்டெல்லா.

கலந்தால் காட்டிக்கொடுக்கும் நீலத் தண்ணீர் கழிப்பறையில் நின்றது. குழாயை அடைத்திருந்தார்கள். அவர் கொண்டுவந்த கோப்பையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த பட்டையில் ஸ்டெல்லா சூட்டைப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவர் கண்ணெதிரே ஏ, பி என்ற இரண்டு குப்பிகளில் ஊற்றி, மூடி, முத்திரை ஒட்டி, பேனாவை நீட்டினாள்.

"ரெண்டுலயும் இனிஷியல் போடுங்க."

சின்னதாக ஒரு கையெழுத்து என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள். பொன்னுலிங்கத்துக்கோ பள்ளிக்கூட நாளிலிருந்தே இனிஷியல் என்றால் அப்பாவின் எழுத்து. ஏ குப்பியில் 'த.' என்று போட்டார். த. என்றால் தங்கப்பழம், சாகும்வரை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர், போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒன்றையே இரண்டு தடவை எழுதுவானேன் என்று பி குப்பியில் 'பொன்னுலிங்கம்' என்று எழுதினார். இரண்டையும் சேர்த்து வைத்தால் பெயர் முழுசாக இருக்கிறது என்று மனுஷனுக்குத் திருப்தி. ஸ்டெல்லா குனிந்து படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"எழுபத்தொண்ணு, நீங்க போலாம்," என்றாள்.

வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மனைவி செல்வக்கனி கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரைச் சொன்னவளில்லை. அவளுக்கு "ஏங்க" போதும். ஆனால் அவருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. குப்பியை ஏற்றிப்போன கூரியர் வண்டி எங்கோ பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இங்கே அவர் வயிறு குலுங்கியது. செவ்வாய்க்கிழமை பகல் முழுக்க வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தார். புதன்கிழமை உடம்பின் வலப்பக்கம் மட்டும் வெதுவெதுப்பானது. இடப்பக்கம் ஐஸ் கட்டியாகவே இருந்தது.

"பாதிதான் திறந்திருக்காங்க போல," என்றார்.

"மீதியையும் திறப்பாங்க. உக்காருங்க, கால் வலிக்கும்," என்றாள் செல்வக்கனி.

வியாழக்கிழமை கூரியர் வந்தது. தாளில் ஒரே வரி: 'தங்கப்பழம். எதுவும் கண்டறியப்படவில்லை.' செல்வக்கனி அதைப் படித்தாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து, ஒதுங்கி நின்று கொடுத்தாள்.

"குடிங்க மாமா," என்றாள், மாமனாரிடம் பேசும் அதே தணிந்த குரலில். "உங்க மகன்தான் இன்னும் வரக் காணோம்."

மோரைப் பாதியில் வைத்துவிட்டு அவர் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடினார். முட்டி வலித்தது.

"ஏ குப்பி தேறிட்டு, பெரியவரே," என்றாள் ஸ்டெல்லா. "ஏ தேறாம இருந்தாத்தான் பி-யைத் திறப்போம்."

"அப்போ எம் மகன்?"

"பத்திரமா இருக்காரு. இங்கயே ஃப்ரிட்ஜுல. ஒரு வருஷம் வச்சிருப்போம்."

"அதுக்கப்புறம்?"

"அழிச்சிருவோம்."

பெற்ற மனம் பதறியது. சளித் தொந்தரவு உள்ள பிள்ளை. மார்கழியில் தலைக்குக் குளித்தாலே இருமுவான். ஏதாவது போதைப்பொருள் அகப்பட்டிருந்தாலாவது பி-யைத் திறந்திருப்பார்களே என்று, வாழ்நாள் முழுக்க ஒழுங்காக இருந்ததற்காக அவர் தன்மீதே எரிச்சல்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பேத்தியைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். பட்டியலை வைத்திருந்த மரகதவல்லி டீச்சர் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா வரலையா?"

"அப்பா பி-யில இருக்காங்க, டீச்சர். தாத்தா வந்திருக்காங்க," என்றாள் வினோதா.

டீச்சர் 'பி. வினோதா' என்று எழுதினாள். போன வருஷப் பதிவேட்டிலும் பொன்னுலிங்கத்தின் இங்கிலீஷ் எழுத்தை வைத்து 'பி. வினோதா' என்றுதான் இருந்தது. இரண்டையும் ஒத்துப் பார்த்து, சரி போட்டு, பட்டியலை மூடினாள். தாத்தாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது.

மறுபாதி சாயங்காலம்வரை அவரை உட்காரவிடவில்லை. நாலு மணிக்குச் செல்வக்கனி ஒரு காவி நிற ஸ்வெட்டரை மடித்துக் கொடுத்தாள்.

"அவங்களுக்குக் குளிர் ஆகாது, மாமா."

பரிசோதனைக் கூடத்தில் பார்வையாளர் வரிசை நீண்டிருந்தது. அவருக்கு முன்னால் ஒரு பெண் தூக்குச்சட்டியில் ரசம் சாதம் வைத்திருந்தாள். அவர் முறை வந்ததும் ஸ்டெல்லா ஸ்வெட்டரின் பைகளை உதறிப் பார்த்துவிட்டு, அதை பி குப்பியைச் சுற்றிப் போர்த்தினாள்.

"முத்திரையைத் தொடாம பேசுங்க. நாலு நிமிஷம்."

தங்கப்பழம் ஃப்ரிட்ஜுக்குள் குனிந்தார்.

"பிள்ளைக்கு இனிஷியல் கிடைச்சிட்டுய்யா. நீ கவலைப்படாத."

குப்பி மூக்கடைத்த குரலில் கேட்டது: "பஸ்ஸை யாருப்பா எடுக்கா?"

"நான்தான்," என்றார் தங்கப்பழம். "ரிசல்ட்டைப் பாத்துட்டாங்க. திங்கக்கிழமை டியூட்டிக்கு வரச் சொல்லிட்டாங்க."