பெட்ரோல் மாப்பிள்ளை

உலகத்தின் பாரத்தைச் சுமக்கிறவர்கள் இருவர்: ஒருவர் ஆதிசேஷன், இன்னொருவர் லாரி டிரைவர். ஆதிசேஷனாவது இருந்த இடத்திலேயே இருந்து சுமக்கிறார். டிரைவர் சுமந்துகொண்டே நகர்ந்தும் காட்டுகிறார். இந்த உண்மையை நாமக்கல் மருதாசலம் 1943-ஆம் வருஷத்தில் பல இடங்களில் எடுத்துரைத்திருக்கிறார். பெரும்பாலும் லாரி நகராமல் நின்றுவிட்ட இடங்களில்.

உலகச் சண்டைக்கு முன்னால் இதை எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். காக்கிக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து ரப்பர் ஹாரனை அவர் ஓர் அமுக்கு அமுக்கினால், பரமத்தி வேலூர்க் கடைவீதியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். காப்பிக்கடையில் அவருக்கு மட்டும் டம்ளரைக் கழுவித் தருவார்கள். பிறகு சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. அப்புறம் கூப்பனுக்கும் பெட்ரோல் இல்லை. முதலாளி லாரியின் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாயை நிறுத்தி வைத்தார். மேலே கரியைக் கொட்டி, கீழே நெருப்பு வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊதினால் கேஸ் கிளம்பும். அதில் லாரி ஓடும். மேடு வந்தால் இருமும்.

அன்று முதல் கடைவீதியில் யாரும் எழுந்திருக்கவில்லை. "ஏனுங்க டைவரே, அடுப்புப் பத்திக்கிச்சுங்களா? ரெண்டு சோளக்கருது இருக்குது, சுட்டுக் குடுங்க" என்றார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மருதாசலம் விட்டுக்கொடுக்கவில்லை. பீப்பாயைத் தொடமாட்டார். "நான் ஓட்டறவன். ஊதறவன் வேற." ஊதுகிறவன் கிளீனர் சடையன். அவன் கரியில் குளித்துக்கொண்டிருக்கும்போது, டிரைவர் புகை வராத பக்கமாக நின்று கோட்டைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவருக்கு முப்பது தாண்டி ஒரு பெண் அமைந்தது. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் கரும்புக்காட்டுக்காரர் மகள் சௌந்திரம். வெல்லச் சிப்பம் ஏற்றப் போன இடத்தில் அவள் சிரித்ததைப் பார்த்ததிலிருந்து, அந்த ஊர் எல்லையில் மருதாசலம் ஆடு மாடு குறுக்கே வராதபோதும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். பெண்ணின் தாய் காளியாத்தாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து வெல்லம் காய்ச்சும் அடுப்போடு மல்லுக்கட்டியவள் அவள்.

"நான் தின்ன பொகை போதும். என்ற புள்ளை கரிக்காரன் ஊட்டுக்குப் போவ வேண்டாம்."

மருதாசலத்தின் தாய்மாமன் கந்தவேல் அடித்துச் சொன்னார்: "மாப்ளை பெட்ரோல் டைவருங்க. கையில கரியே படாதுங்க."

உப்புச் சர்க்கரை மாற்ற நாள் குறித்தார்கள். இரு வீட்டாரும் உப்பையும் சர்க்கரையையும் கைமாற்றிக்கொண்டால்தான் பேச்சு உறுதி. மாட்டு வண்டியில் போனால் டிரைவர் என்று யார் நம்புவார்கள்? லாரியில் போனால் பீப்பாய் தெரியும். மருதாசலம் யோசித்தார். பீப்பாய்க்கு மஞ்சள் துணி சுற்றி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, உச்சியில் வேப்பிலை செருகினார்.

"கேட்டா என்னங்க சொல்றது?" என்றான் சடையன்.

"கொலசாமின்னு சொல்லு. உள்ளாற என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியாது. நான் செத்தாலும் தெரியாது."

"செரீங்க."

லாரி வாசலில் வந்து நின்றது. ஆரத்தித் தட்டோடு வந்த காளியாத்தாள் சாமியைக் கண்டதும் மாப்பிள்ளையை மறந்துவிட்டாள். "வண்டியிலயே கொலசாமி வெச்சிருக்குதே இந்தப் புள்ளை!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. பிறகு மஞ்சள் துணி கருகத் தொடங்கியது. மாலைக்கு நடுவிலிருந்து புகை கிளம்பியது.

"ஐயோ, சாமி உக்கிரமா வந்திருக்குது! குளிர வெக்கோணும்! மஞ்சத்தண்ணி கொண்டாங்க!" என்று கூவினாள் காளியாத்தாள்.

சாமிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று எந்த மாப்பிள்ளையால் சொல்ல முடியும்? பெண்கள் குலவையிட்டுக் குடம் குடமாக ஊற்றினார்கள். துணி நழுவியது, மூடி சரிந்தது, உள்ளே புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. பீப்பாயின் அடியிலிருந்து கறுப்புத் தண்ணீர் இறங்கிப் புதுக்கோலத்தின் மேல் ஓடியது.

காளியாத்தாள் குனிந்து, விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"கந்தவேலண்ணா, இது அடுப்பு."

கந்தவேல் சடையனைப் பார்த்தார். காது வரை கரியாயிருந்த சடையன், "உள்ளாற என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க. டைவர் செத்தாலும் தெரியாதுங்க" என்றான்.

"உப்பை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள் காளியாத்தாள். "கரிக்காரனுக்குப் பொண்ணில்லை."

கிளம்பவும் வழியில்லை, அடுப்பு அணைந்து கிடந்தது. சடையனோ உத்தரவை மீறாதவனாக மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டான். மருதாசலம் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோட்டைக் கழற்றிவிட்டுப் பீப்பாயின் முன்னால் மண்டியிட்டார். ஊறிப்போன கரியில் ஒரு தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். அப்புறம் இன்னொன்று. தீப்பெட்டிக்கே பஞ்சமான காலம். ஊர் சுற்றி நின்று ஒவ்வொரு குச்சிக்கும் 'ச்சொ' கொட்டியது. கைச்சக்கரத்தைத் தலைகீழாகச் சுற்றினார். சாம்பல் அவர் முகத்திலேயே வந்து விழுந்தது.

கதவோரம் நின்ற சௌந்திரம் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு பொத்தவில்லை.

"அம்மா, ஈரக்கரியில குச்சியக் கிழிக்கறாங்க பாரு. எந்தக் கரிக்காரனாச்சும் இப்பிடிப் பண்ணுவானா?"

சௌந்திரம் வாசலுக்கு இறங்கி வந்தாள்.

"ஏனுங்க, இதுக்கு முன்னால அடுப்புப் பத்த வெச்சிருக்கீங்களா?"

மருதாசலத்துக்குப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. மீசையில் சாம்பல் இருந்ததால் அங்கேயே நின்றுவிட்டது.

"இல்லீங்க."

"மாமன் சொன்னது நெசந்தானேம்மா! கையில கரியே பட்டதில்லை."

காளியாத்தாள் இன்னும் ஒரு குச்சி வீணாகும்வரை பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தள்ளுங்க மாப்ளை. பாக்கப் பாக்க வயித்தெரிச்சலா இருக்குது. அம்மிணி, காஞ்ச கரும்புச் சக்கை ஒரு கை கொண்டா."

மாப்ளை என்ற சொல் காதில் விழுந்ததுமே கந்தவேல் உப்பையும் சர்க்கரையையும் நீட்டிவிட்டார்.

மாமியார் வீட்டு வாசலிலிருந்து லாரியை ஒரே சுற்றில் கிளப்பிக்கொண்டு வந்ததாக மருதாசலம் பிற்பாடு பல இடங்களில் எடுத்துரைத்தார். கிளப்பியது உண்மை. அடுப்பைப் பற்ற வைத்தது மாமியார்.