பாலத்தில் நின்ற ஸ்கூட்டர்

ஆளில்லாத பாலத்தின் ஏற்றத்தில் சார்ஜ் தீர்ந்து அவன் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. இரவில் சார்ஜர் பிளக்கைச் செருகுவது தன் வேலை, ஸ்விட்ச் போடுவது மனைவியின் வேலை என்று பழகிப்போனவன். அவள் இறந்து மாதங்களாகியும் நேற்று ஸ்விட்ச் போட மறந்திருந்தான். நெஞ்சோடு கட்டிய துணிப்பையில் மகள் தூங்கினாள். அவளைப் பகலில் விட்டுச்செல்லும் காப்பகம்வரை வண்டியைத் தள்ளத்தான் வேண்டும்.

மனைவியின் அண்ணன் பெட்ரோல் பைக்கில் வந்து நிறுத்தினார். குழந்தை சிணுங்கியது.

“தலபாடா அடிச்சுக்கிட்டேன்ல மாப்ள? இந்த விளையாட்டுச் சாமானை வித்துத் தொலைங்க. பெட்ரோல்னா ரெண்டு நிமிஷத்துல ரொப்பிட்டுப் போயிட்டே இருக்கலாம். முடியலைன்னா புள்ளைய எங்க வீட்ல விடுங்க.”

“ஸ்விட்ச் போடாதது என் தப்பு மச்சான். வண்டி மேல ஏன் பழி போடுறீங்க?”

“இந்த வீம்புக்கு ஒண்ணும் குறைச்சலில்ல. ஏறுங்க பின்னாடி.”

அவர் பைக்கை உதைத்துக் கிளப்பினார். அது உறுமியதும் குழந்தை வீறிட்டு விழித்தது.

“ஆஃப் பண்ணுங்க! தினமும் அவ தூங்கிட்டே போறது என் வண்டியிலதான். வண்டியை விக்க மாட்டேன். புள்ளையையும் விட மாட்டேன்.”

மச்சான் சாவியைத் திருப்பினார். அழுகை மெல்ல அடங்கியது. அவன் மறுபடி தள்ளத் தொடங்கினான். மச்சான் பைக்கை ஓரங்கட்டிவிட்டு வந்து பின்னால் கைகொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“வாயைத் திறக்காம தள்ளுங்க மச்சான். முழிச்சுக்கப் போறா.”