சுவரில் துடிக்கும் இடது நாடி

பெட்டி கட்டும் கூடத்து மேஸ்திரியின் வீட்டுச் சுவரில், சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே, அவருடைய மச்சினியின் இடது கை நாடி பதினொரு வருஷமாகத் துடிக்கிறது. சாதாரணமாக நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு. அவள் எங்காவது மாடி ஏறினால் தொண்ணூறு. சுவருக்குள் எலி இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்கள் கை வைத்துப் பார்க்காதவர்கள்.

மேஸ்திரி கட்டிய பெட்டி எங்கேயும் அவிழ்ந்ததில்லை. பிளாஸ்டிக் பட்டையைச் சுற்றிவிட்டு, இறுக்கும் கருவியை அது கிறீச்சிடும்வரை இழுப்பார். அதற்கு மேலும் ஒரு இழுப்பு உண்டு. அந்தக் கடைசி இழுப்பில்தான் தன் மானமே இருக்கிறது என்று நினைத்திருந்தார். மச்சினி அதே கூடத்தில் பெட்டி அடுக்குபவள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு இரும்புச் சாமான் நிறைந்த அடுக்கு சரிந்து, அவள் இடது முன்கையைத் தூணோடு வைத்து நசுக்கியது. எடுத்துப் பார்த்தால், மூட்டே இல்லாத இடத்தில் கை மடங்கியிருந்தது. எலும்பு போய்விட்டது என்று எந்த முட்டாளுக்கும் தெரியும். மேஸ்திரிக்கும் தெரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனவன் முழுசாகத் திரும்பமாட்டான் என்பது அவர் கட்சி. "சுளுக்குதான்" என்றார். கையை நேராக்கி, இரண்டு பெட்டிப் பலகைகளை அணைகொடுத்து, பட்டையைச் சுற்றி, கிறீச்சிடும்வரை இழுத்தார். கடைசி இழுப்பையும் இழுத்தார்.

"மாமா, மேல விலாசம் எழுத மறந்துடாதீங்க" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கூடமே சிரித்தது.

மதியம், "விரலெல்லாம் எறும்பு ஓடுது மாமா" என்றாள்.

"கட்டு புடிச்சிருக்குன்னு அர்த்தம். ஆடாம உக்காரு."

கொஞ்ச நேரத்தில் எறும்பும் ஓடவில்லை. மரத்துப்போனதை அவர் குணம் என்று எடுத்துக்கொண்டார். விரல்கள் மெழுகுவர்த்திபோல வெளுத்தன. மோதிரம் வீங்கிய சதைக்குள் புதைந்தது. விரலை யாராவது நிமிர்த்தினால் அவள் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. மூன்று மணிக்கு மேஸ்திரியின் பெண்டாட்டி வந்து தங்கையின் நகத்தை அழுத்திப் பார்த்தாள். வெளுத்த நகம் சிவக்கவில்லை. கத்தரியால் பட்டையை நறுக்கினாள். "உங்களுக்குக் கட்டத்தான் தெரியும்" என்றாள். தங்கையை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள், மேஸ்திரியும் கூடவே ஏறினார்.

டாக்டர் மணிக்கட்டில் வெகுநேரம் விரல் வைத்திருந்தார். உள்வீக்கம் ரத்தத்தை நெரித்துவிட்டது, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இப்போதே கீறித் திறந்துவிட வேண்டும் என்றார். டாக்டர்கள் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியதில்லை, இதை நம்பலாம். "இப்படிக் கட்டினது யாரு?" என்று கேட்டார்.

மேஸ்திரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வழியில யாரோ கட்டிவிட்டாங்க சார்."

அக்காவும் தங்கையும் அதைக் கேட்டார்கள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கை பிழைத்தது. சூடு வந்தது, நிறம் வந்தது. இரண்டு விரல்கள் மட்டும் மடங்காமல் நின்றுவிட்டன. நாடியும் திரும்பவில்லை. மூன்று டாக்டர்கள் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள். அது அன்று சாயங்காலமே மேஸ்திரி வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டிருந்தது. அவர் காலண்டர் மாட்டினார், தாள்கள் அதிர்ந்தன. மேசையை எதிர்ச் சுவருக்கு மாற்றினார், மறுநாள் நாடியும் மாறியது. பெண்டாட்டி வழக்கம்போல அந்த மேசையில் சோறு போட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சோறு இறங்கியிருக்கும். கூடத்தில் யாராவது அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "எந்த மடையன் கட்டுனானோ" என்பார்கள். "ஆமா, எவனோ ஒரு மடையன்" என்று அவரும் சேர்ந்துகொள்வார். இப்படி ஒன்பது வருஷம்.

பிறகு லாரியில் சரக்கு ஏற்றுபவன் ஒருவன் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். பழக்கப்படி பலகையும் பட்டையும் கருவியும் கொண்டுவந்து மேஸ்திரி கையில் கொடுத்தார்கள். அவர் கருவியைத் தரையில் வைத்தார்.

"என் மச்சினி கையைக் கெடுத்தது வழியில போனவன் இல்ல. நான்தான். ஒடிஞ்சிருக்குன்னு தெரிஞ்சே சுளுக்குன்னேன். இதை வச்சுத்தான் இறுக்குனேன். டாக்டர்கிட்டயும் பொய் சொன்னேன்."

நாற்பது பேர் நின்றார்கள். ஒருவன் காறித் துப்பினான். மேஸ்திரி அடிபட்டவனின் சட்டைக் கையைக் கிழித்து, மோதிரத்தைக் கழற்றினார். கையை நிமிர்த்தவில்லை. இருந்தபடியே மடித்த துணிமேல் தாங்கி, தன் இரண்டு விரல் நுழையும் தளர்வோடு கழுத்திலிருந்து தூளி கட்டிவிட்டு, வண்டி வரும்வரை நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மச்சினி அடுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்: "இதைச் சொல்ல ஒம்பது வருஷமா மாமா?"



நாடி மணிக்கட்டுக்குத் திரும்பவில்லை. திரும்பும் என்று யாரும் காத்திருக்கவும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் இப்போது "இடது நாடி: அக்கா வீட்டில்" என்று எழுதுகிறார்கள். காய்ச்சல் வந்தால் அவள் போன் செய்வாள்: "எண்ணிட்டு உள்ளதைச் சொல்லுங்க மாமா." அவர் உட்காரமாட்டார். சுவரில் உள்ளங்கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி முழு ஒரு நிமிஷம் நின்று எண்ணுவார். ஒன்று கூட்டவும் மாட்டார், ஒன்று குறைக்கவும் மாட்டார்.