பத்தரை மணி விமானம்

...ஒரு கல், ஒரே ஒரு கல், கொண்டைக்கடலை அளவுக்கு இருந்தாலும் போதும், எட்டு மாதமாகக் காலைதோறும் இந்த ஓடுபாதையைக் குனிந்து பார்த்து நடக்கிறேன், கல் இருக்கக் கூடாதே என்று தேடிய கண் இன்றைக்குக் கல் இருக்காதா என்று தேடுகிறது, என்ன மனுஷன் நான்... மேற்குக் கோடியில் ராத்திரியெல்லாம் தார் போடுகிறோம், விடிந்ததும் மற்ற விமானங்கள் மிச்ச நீளத்தில் சமர்த்தாக ஏறிப் போய்விடும், நியூயார்க் போகும் கான்கார்ட் துரைக்கு, ஒலியையே முந்தும் அந்த விமானத்துக்கு மட்டும் முழு நீளமும் வேண்டும், கூட்டித் துடைத்தும் இருக்க வேண்டும், ஒரு கல் கிடந்தாலும் சக்கரம் கிழிந்துவிடுமாம், நான் 'திறக்கலாம்' என்றால்தான் துரை நகருவார், அப்புறம்தான் என் வேலையும் முடியும். அந்தத் துரையை என் மனைவி மியூரியல் தினமும் வழியனுப்புகிறாளாம்! செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுப் பாக்சன் கிழவி சொன்னாள், பத்தரை ஆனால் அடுப்பில் முட்டையை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடுகிறாள், போருக்குப் போகிறவனைப் பார்ப்பதுபோல் அண்ணாந்து நிற்கிறாள் என்று. எங்கள் ஊர் ரெடிங்கில் தெருமேல் அது போனால் கோப்பையில் சர்க்கரை தானே கலங்கிக் கரையும், நாங்கள் கரண்டி வாங்கியே பல வருடமாகிறது, அதையெல்லாம் நான் பொறுத்தவன்தான், ஆனால் முப்பத்தொரு வருடத்தில் என்னை அவள் ஒருநாளாவது அண்ணாந்து பார்த்ததுண்டா, நான் குள்ளம், அது வேறு விஷயம்...

கூட்டும் வண்டியிலிருந்து டெஸ்மண்ட் தலையை நீட்டினான், பார்படாஸ்காரன், வாய் சும்மா இருக்காது, "என்ன பெருசு, கல்யாண மோதிரத்தத் தொலைச்சிட்டியா?" என்றான். தொலையப் போவது மோதிரம் இல்லையடா என்று நினைத்துக்கொண்டேன், வெளியே, "கல்லு கிடக்கு, இன்னொரு வாட்டி கூட்டு" என்றேன். எங்கே கிடக்கிறது என்று அவன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன், என் நெஞ்சில் என்றா? கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு வானொலியில் இன்னும் பத்து நிமிடம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் துரை எஞ்சின் ஓட நிற்கிறார், நிற்கிற நிலையிலேயே எரிபொருளைக் குடிப்பார், என் மைத்துனனைப் போல, கூடுதலாகக் கால்மணி நேரம் நின்றால் அட்லாண்டிக்கைத் தாண்டப் போதாது. விமானியின் குரல் வந்தது, வெண்ணெய் தடவிய குரல், "பரவால்லங்க, பத்திரமா பாத்துச் செய்யட்டும், நாங்க திரும்பிப் போய் எரிபொருள் ரொப்பிக்கிறோம்" என்றது. திட்டியிருந்தால் பாவம் பாதியாவது கழிந்திருக்கும். மரியாதையிலும் என்னை ஜெயித்துவிட்டான்... இந்தக் குரலையும் மியூரியல் கேட்டுவிட்டாளானால்?

கல் இல்லை, கடைசிவரை இல்லை, துரை வந்த வழியே திரும்பிப் போய்ச் சேர்ந்தபின் 'திறக்கலாம்' என்று சொல்லிவிட்டேன், கையெழுத்தும் போட்டாயிற்று, கொட்டகைக்குள் வந்தால் தொலைபேசி அடிக்கிறது, மியூரியல். வேலை இடத்துக்கு அவள் கூப்பிட்டதே இல்லை.

"வில்ஃப், அது ஏன் இன்னும் போகல?"

எது என்று கேட்டேன், தெரியாதவன்போல.

"அந்த விமானந்தான். அது போனா உன் வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம், நாப்பது நிமிஷத்துல வந்து நிப்ப. அதுக்குத்தானே தினம் வெளிய ஓடிப் போய்ப் பாக்குறேன்."

வீட்டில் மூணு கடிகாரம் இருக்கே என்றேன்.

"கடிகாரத்துக்கு நீ எப்ப கிளம்புவேன்னு தெரியுமா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது, என்னைத்தான், என் வருகையைத்தான் அண்ணாந்து பார்த்திருக்கிறாள், பாக்சன் கிழவி நாசமாய்ப் போக என்று சிரித்தபடி சட்டையை மாற்றினேன், பாதி பொத்தானில் கை நின்றுவிட்டது... புருஷன் வருவதை ஒரு பெண் நாற்பது நிமிடம் முன்னதாகவே ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? முட்டை வேக நான்கு நிமிடம். மிச்சம் முப்பத்தாறு? துரை அங்கே இன்னும் எரிபொருள் ரொப்பிக்கொண்டு நிற்கிறார், இப்போதே நான் கிளம்பினால், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, சொல்லாமல் போய் நிற்கலாம். டெஸ்மண்ட் கேட்டான், வீட்டுக்குப் போகலையா என்று. போகணும் என்றேன். கார் சாவி கையில்தான் இருக்கிறது, நான் கொட்டகை வாசலில் நின்று, துரை சீக்கிரம் மேலே ஏறி அவளுக்குச் சேதி சொல்லித் தொலையட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்...