இருட்டாத ஊரில் ஒற்றைக் கட்டில்

கல்யாணமானதிலிருந்து அவர்கள் சேர்ந்து எங்கேயுமே போனதில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு தடவை போனார்கள், பஸ்ஸில். அவர் ஓட்டினார்; அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அதுவும் லேசில் ஏறிவிடவில்லை. கொட்டுகிற மழையில் நடுத்தெருவில் நின்று கை காட்டிய பெண்டாட்டியைப் பார்த்தும் பார்க்காதவர் போல ஓட்டிக்கொண்டு போய், நிறுத்தத்தில்தான் நிறுத்தினார். மூச்சிரைக்க ஓடிவந்து ஏறியவளிடம், "நிறுத்தத்துல நில்லும்மா. ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்தக் கதையை அவள் இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். அவரும் இன்றுவரை அதில் தப்பென்ன என்றுதான் கேட்கிறார்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். விடியுமுன் கிளம்பினால் காலை நெரிசலுக்கு ஒரு வண்டி, சாயங்கால நெரிசலுக்கு ஒரு வண்டி என்று இரண்டு துண்டாக வேலை. நடுவில் பணிமனை பெஞ்சில் ஒரு தூக்கம். வீடு திரும்பும்போது இருட்டிவிடும். அவளுக்கோ ரொட்டிக்கடையில் ராத்திரி வேலை. ஊருக்குக் காலையில் சுடச்சுட ரொட்டி வேண்டுமென்றால் யாராவது ராத்திரி முழுக்க மாவோடு மல்லுக்கட்ட வேண்டாமா? அவர் செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் இவள் செருப்பை மாட்டுவாள். நடுவில் கிடைப்பது ஒரு சாப்பாட்டு நேரம். அதிலும் பாதி கேஸ், பால், தண்ணி வரி என்று போய்விடும். வார விடுமுறையும் ஆளுக்கொரு கிழமை.

வீட்டில் இருந்தது என்னவோ இரட்டைக் கட்டில்தான். ஆனால் ஜன்னலோரப் பாதியில்தான் இருவரும் படுப்பார்கள், முறை வைத்து. அவர் தலை வைத்து எழுந்த பள்ளத்தில் காலையில் வந்து இவள் தலை வைப்பாள். மறுபாதியில் தேய்த்த சீருடையும் மடிக்காத துணியும் மகள் விட்டுப்போன பைகளும் குடியேறிப் பல வருஷமாகிவிட்டது. வாடகைதான் கொடுக்கவில்லை.

இந்த லட்சணத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வாரம் வானத்திலிருந்து விழுந்தது. ரொட்டிக்கடையின் பழைய அடுப்பை இடித்துப் புது அடுப்பு வைக்கப் போகிறார்கள். கோடையில் ஒரு வாரம் கடைக்குப் பூட்டு. அவருக்கோ எடுக்காத விடுப்பு மலையாகக் கிடந்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனிலேயே ஆணை போட்டாள்: "ரெண்டு பேரும் வெளிநாடு போயிட்டு வாங்க. பாஸ்போர்ட் எடுத்து வச்சு என்ன, பூஜையா பண்றீங்க?"

எந்த ஊர் என்பதை முடிவு செய்தது விலைதான். "டிக்கெட்டையெல்லாம் மலிவுலேருந்து வரிசையா போட்டுப் பாத்தேன். முதல்ல வந்த ஊருக்குப் போறோம்" என்றார் அவர். "பேரு வாய்ல நுழையல. ஆனா விலை பைக்குள்ள நுழைஞ்சிடுச்சு."

அது வடக்கே, வெகு வடக்கே இருந்த ஒரு நகரம். ஊருக்குக் குறுக்கே தண்ணீர் புகுந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. மகள் அதன் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சடித்து அனுப்பினாள். சமையலறைச் சுவரில் அதை ஒட்டினார்கள். மறுநாள் காலை வேலை முடிந்து வந்தவள், கையில் காய்ந்த மாவைக்கூடக் கழுவாமல் அதன் முன்னால் நின்றுவிட்டாள். எத்தனை தெரு! எத்தனை பாலம்! ஒவ்வொரு கோட்டிலும் ஒரு தெரு, தெருவுக்கு நூறு வாசல், வாசலுக்குள் ஆட்கள். தன்னைக் கேட்காமல், தனக்குத் தெரியாமல், இத்தனை பெரிய ஊர் இத்தனை காலமும் அங்கே நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அவளுக்கு நெஞ்சு ஒரு மாதிரி நிறைந்துபோனது. அங்கேயும் ஒருத்தி இப்போது அடுப்பை அணைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"அம்மா, அங்க கோடையில ராத்திரியே வராதாம்" என்றாள் மகள் போனில்.

"சும்மா கதை விடாதடி. ராத்திரி இல்லேன்னா ரொட்டி யாரு, எப்ப சுடுவாங்க?"

திட்டம் சுவரிலேயே வளர்ந்தது. உட்கார்ந்து பேச நேரமேது? படுக்கப் போகும் முன் அவர் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார். காலையில் வந்ததும் இவள் நீலப் பென்சிலால் போடுவாள். அவர் எதையுமே பஸ் தடம் போலத்தான் போடுவார்: இங்கே ஏறணும், இங்கே இறங்கணும், இங்கே பத்து நிமிஷம் நிற்கும். இவள் நாள் முழுக்கச் செல்லுபடியாகும் படகுச் சீட்டைக் கண்டுபிடித்தாள். எந்த அருங்காட்சியகத்தில் எந்தக் கிழமை காசில்லை என்று துருவினாள். பெட்டிக்குத் தனிக் கட்டணம் என்றதும் அவர், "பெட்டியே வேணாம், மூணு சட்டையை மேல மேல போட்டுக்கிட்டு ஏறிடறேன்" என்றார். சிக்கனத்தில் இருவருக்கும் சரியான பொருத்தம். ஜாதகம் பார்த்தவர்கள் அதை மட்டும் சரியாகப் பார்த்திருந்தார்கள்.

கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு மகள் லீவில் வந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரைபடத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டவள், திடீரென்று மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏம்மா, இது ரெண்டு பேர் போற டூரா, ஒரே டூருக்கு ரெண்டு ஷிஃப்டா?"

அப்போதுதான் இவளும் பார்த்தாள். நீலக் கோடுகளெல்லாம் சாயங்காலமும் அதற்கு மேலும்: படகு, நேரம் கழித்துத் திறந்திருக்கும் நூலகம், கடற்கரை நடை. சிவப்புக் கோடுகளெல்லாம் விடியற்காலையும் காலையும்: சந்தை, டிராம் பணிமனை, கோபுரம். அவரவர் விழித்திருக்கும் நேரத்துக்கு அவரவர் ஊர் சுற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். இரண்டு நிறமும் தொட்டுக்கொண்ட இடம் ஒன்றே ஒன்றுதான், தங்கும் அறை. அங்கேயும் ஒன்று போய்த்தான் மற்றது வந்தது.

சிரித்துக்கொண்டேதான் மகள் அறையின் பதிவை போனில் திறந்தாள். திறந்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அப்பா, இது ஒத்தைக் கட்டில் ரூமுப்பா."

அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். "ஆமா. பாதி விலை. ரெண்டு பேர் தங்கலாம்னு கேட்டுத்தான் போட்டேன்" என்றார் வெகு இயல்பாக. "நாங்க என்னிக்கு ஒரே நேரத்துல படுத்திருக்கோம்? இன்னொரு கட்டிலுக்கு எதுக்கு தண்டம் அழுவணும்?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பாள். அவர் நிஜமாகவே சொன்னார். அதுதான் அவளைக் குத்தியது. இத்தனை வருஷம் அடுப்புச் சூட்டில் நின்றவளுக்கு, நின்ற இடத்தில் உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. நாம் புருஷன் பெண்டாட்டியா, இல்லை ஒரு கட்டிலை மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்த இரண்டு பேரா? வேலைதான் நம்மைப் பிரித்து வைத்தது என்று நம்பிக்கொண்டிருந்தாளே, வேலை இல்லாத ஒரு வாரத்தையும் இரண்டாகக் கிழித்துப் பங்கு போட்டுக்கொண்டது யார்? அதில் நீலப் பங்கு அவளுடையதுதானே?

"நான் வரல. நீங்களே போய் அந்த ஒத்தைக் கட்டில்ல நீட்டிப் படுத்துட்டு வாங்க" என்றாள்.

"பணம் திரும்ப வராதுடி."

"பணம் திரும்ப வராது. நான் மட்டும் திரும்ப வருவேனா?"

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அன்று அவள் பிசைந்த மாவு கல்லாக நின்றது. தலைமை ரொட்டிக்காரர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "யார் மேல இருக்கிற கோவத்தை இது மேல காட்டற?" என்று கேட்டார். அவளுக்கு இருந்தது கோபமே அல்ல, பயம். அந்த ஒரு வாரத்தை நேருக்கு நேர் உட்கார வைத்தால் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். கேஸும் பாலும் தண்ணி வரியும் அந்த ஊருக்கு வராதே!

காலையில் வீட்டுக்கு வந்தபோது வழக்கம் போல அவர் போயிருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சமையலறைக்குள் நுழைந்தாள். ஆனால் சுவர் பார்க்க வைத்தது. அவருடைய பழைய சிவப்புக் கோடுகளில் ஒன்றுகூட இல்லை. ரப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தாள் சில இடங்களில் பஞ்சாகியிருந்தது. அவர் மாய்ந்து மாய்ந்து போட்ட டிராம் பணிமனைத் தடமும் போயே போய்விட்டது. அதற்குப் பதிலாக, அவளுடைய ஒவ்வொரு நீலக் கோட்டுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு, வளைகிற இடத்தில் வளைந்து, நிற்கிற இடத்தில் நின்று, கூடவே போயிருந்தது. நடுக்கமில்லாத கை அது. ஆனாலும் ஒன்றிரண்டு திருப்பத்தில் தூக்கக் கலக்கம் தெரிந்தது.

அவள் நீலப் பென்சிலை எடுத்தாள். அழிந்தும் அழியாமல் தெரிந்த டிராம் பணிமனைத் தடத்தின் மேல் ஒரு நீலக் கோடு போட்டாள். அதன் பக்கத்தில் சிவப்புக்கு இடம் விட்டாள்.

போனார்கள். மூன்று சட்டையோடு விமான நிலையத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்றவரை அவள் தெரியாதவர் போலப் பார்த்தாள். விமானம் மேகத்தைக் கிழித்து மேலே ஏறியபோது, ஊரையே சுமந்து ஓட்டுகிற மனுஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த நகரத்தில் இறங்கியது, நியாயப்படி ஊர் உறங்க வேண்டிய நேரத்தில். மலிவுச் சீட்டு வேறெந்த நேரத்தில் இறக்கிவிடும்? வெளியே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மகள் கதை விடவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது! கடிகாரம் ஒன்று சொன்னது, வானம் இன்னொன்று சொன்னது. கூரைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்க மனசில்லாமல் சாய்ந்தே நின்றது. தண்ணீரெல்லாம் தங்கமாக இருந்தது. பாலத்தில் ஒரு குழந்தை சைக்கிள் ஓட்டியது. ஒருவரும் அதை வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை.

ராத்திரி என்பது தன் சொந்தச் சொத்து, அதன் மூலை முடுக்கெல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவள் அவள். அதை இப்படி வழித்துத் துடைத்து, வெளிச்சமாக்கி, உலகத்தின் மேல் விரித்து வைத்திருக்கிறார்கள். இதில் எது அவருடைய நேரம், எது தன்னுடையது?

"என்னங்க, இங்க எப்பங்க தூங்கறது?"

"தெரியலயே" என்றார் அவர், வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தபடி. "இப்படி ஒண்ணு இருக்குன்னு யாருமே நமக்குச் சொல்லலியே!"

"உங்க பொண்ணு சொன்னா. நாமதான் நம்பல."

அறை பொட்டு அளவுதான். கட்டில் அதைவிடச் சின்னது. உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார், அவர் உடம்புக்கு இது தூங்குகிற நேரம். அவள் உடம்புக்கு இது மாவு பிசைகிற நேரம். பயந்தது நடந்துவிட்டதா என்று ஒரு கணம் மனசு துணுக்குற்றது. திரையை இழுக்கப் போனவள், திரும்பிப் பார்த்தாள்.

வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்திருந்தது. புருஷன் தூங்குகிற முகத்தைப் பார்த்து எத்தனை காலமாகிறது! புருவத்தில் நரை எப்போது வந்தது? வாயோரத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு தினமும் இருக்குமா? விழித்திருக்கும்போது பஸ் நிறைய ஆட்களைத் தூக்கிக்கொண்டிருக்கிற முகம் அது. இப்போது எல்லோரையும் இறக்கிவிட்டிருந்தது. வாசலில் பார்த்த வானத்தைவிட இது அவளுக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அப்போது அவருடைய வலது கால் திடீரென்று விறைத்து, கட்டில் சட்டத்தை ஓங்கி அழுத்தியது. பிரேக்!

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. திரையை இழுக்காமல் வந்து, "தள்ளிப் படுங்க" என்றாள். தள்ள இடமில்லை. ஒருக்களித்து, அவர் தோளில் கை போட்டுத்தான் விழாமல் படுக்க முடிந்தது. தூக்கம் வராது என்றுதான் நினைத்தாள். எப்போது தூங்கினாளோ!

கண் திறந்தபோது அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாரோ தெரியவில்லை. குரல் ரகசியம் பேசுவது போல இறங்கியிருந்தது.

"தூக்கத்துல நீ மாவு பிசையற, தெரியுமா?"

"நானா?"

"என் தோளைப் போட்டு அந்தப் பிசை பிசையற. இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதும்மா."

"நீங்க மட்டும் என்னவாம்? பிரேக் போடறீங்க. கட்டிலே ஆடிடுச்சு."

"அதுவா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "கனவு. மழை. யாரோ நடு ரோட்டுல நின்னு கை காட்டினாங்க."

"யாரு?"

"யாரு கை காட்டுவா? நீதான்."

"அங்க நிறுத்தமில்லையே" என்றாள்.

"இல்லதான். நிறுத்தினேன்."

ஜன்னலில் அதே வெயில் நின்றது. மணி என்ன என்று இருவருமே பார்க்கவில்லை.