ஒரு துண்டு வாள்மீன்

கட்டானியா நகரத்து மீன் சந்தையில் வாள்மீனின் தலையை, வாள் மேலே பார்க்க நிறுத்தி வைப்பார்கள். தலை எவ்வளவு பெரிதோ, கடைக்காரிக்கு அவ்வளவு திமிர். அன்றைக்கு சரீனாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. சுகாதார அதிகாரி போன் செய்து, "உங்க பெரிய மீன்ல பாதரசம் அளவுக்கு மேல இருக்கு. விக்காதீங்க, ஆள் அனுப்பறேன்" என்றபோதும் அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஆள் வந்து சேர்வதற்குள் முடிந்தவரை தள்ளிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். எதிரே எலுமிச்சை விற்கும் அசுந்தாவுக்குக்கூட கூசாமல் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். அசுந்தா கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவள் என்பது சரீனாவுக்குத் தெரியும்.

அடுத்து வந்து நின்றவள் லோரேதா, நிறைமாதக்காரி. பக்கத்துக் கடை கொன்செத்தாவின் மகள். கொன்செத்தாவுக்கும் சரீனாவுக்கும் ஏழாம் பொருத்தம்.

"அத்தை, இதைப் பாத்ததுலேர்ந்து நாக்கு ஊறுது. ஒரு துண்டு குடுங்களேன்."

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டால் அந்த ஊரில் பரம எதிரியும் சும்மா கொடுத்துவிட வேண்டும். மறுத்தவளுக்குக் கண்கட்டி வரும், பிறக்கும் பிள்ளை உடம்பில் மச்சம் விழும் என்பார்கள். சரீனாவும் அதை நம்புகிறவள்தான். கத்தியை மீன்மேல் வைத்தாள். அந்த வயிற்றைப் பார்த்தாள். வெட்ட மனம் வரவில்லை.

"கிடையாது, போ."

"அடிப்பாவி!" கொன்செத்தா தன் கடையிலிருந்து பாய்ந்து வந்தாள். "என்மேல இருக்கற வன்மத்தை வயித்துல இருக்கற சிசுகிட்டயா காட்டறே? உன் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போக!"

கூட்டம் கூடிவிட்டது. "குடுத்துத் தொலையேன்டி" என்று அசுந்தாவும் எதிர்க்கடையிலிருந்து கத்தினாள். சரீனாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கொன்செத்தா தானே ஒரு துண்டை அறுத்து மகள் கையில் திணித்தாள்.

சரீனா அதைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். "பாதரசம்டி! உன் பேரப்பிள்ளைக்கு மூளை கெட்டுப் போகணுமா? விக்காதேன்னு காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கொன்செத்தா மகளை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். வாங்கிய பையை எடுத்துக்கொண்டு அசுந்தா மெல்ல வந்தாள்.

"எனக்கு இப்பத்தானே வெட்டிக் குடுத்தே?" என்றாள். "எம்பிள்ளைக்கு மூளை வேணாமா சரீனா?"