அளவுகோல் மூச்சு

மூச்சுப் பரிசோதனை அறைக்காரரை மருத்துவமனை முழுக்க ஊதல் மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. “ஊதுங்க, ஊதுங்க! இன்னும் இருக்கு, விடாதீங்க!” என்று அவர் போடும் சத்தம் வராந்தாவின் கடைசிவரை கேட்கும்.

ஊதுவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு பாடம் உண்டு. “நுரையீரல் தானா எதையும் இழுக்காதுங்க, அதுக்கு அந்தத் தெம்பு கிடையாது. நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசை இருக்கு, உதரவிதானம்னு பேரு. அது கீழ இறங்கும், விலா விரியும், உள்ள இடம் உண்டாகும். இடம் கெடச்சா காத்து தானா வந்து உக்காந்துக்கும். தசை தளர்ந்தா நுரையீரல் சுருங்கும், காத்து வெளிய போயிடும். அவ்ளோதான் மூச்சு.”

பிறகு, “சிகரெட் உண்டா?” என்பார். பெரும்பாலும் ஒரே பதில்தான்: “எப்பவாவது.” மாஸ்டர் அவர்கள் மூக்கில் கிளிப்பை மாட்டிவிட்டு, படிவத்தில் ‘தினமும்’ என்று எழுதிவிடுவார். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்!

பதினோரு மணிக்கும், சாப்பாட்டுக்குப் பிறகும், நாலு மணிக்கும் மாஸ்டர் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய்விட்டு, வாயில் புதினா மிட்டாயோடு திரும்புவார். அந்த வாசனையை யாரும் தவறாக நினைத்ததில்லை.

மூச்சை அளக்கும் மெஷினைத் தினமும், மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பம்பு உருளையால் காற்றடித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. உருளை அலமாரி உச்சியில் தூசி படிந்து கிடந்தது. அளவு மாறாமல் வருகிறதா என்று திங்கட்கிழமைதோறும் ஆரோக்கியமான ஒருவர் ஊதிப் பார்ப்பது இன்னொரு விதி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதற்கு மாஸ்டரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். முதல் நொடியில் நான்கு லிட்டர்! அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். என் மூச்சு இருக்கும்போது உருளை எதற்கு என்பது அவர் கட்சி.

சில வருடங்களாக அந்த எண் இறங்கு முகமாகவே இருந்தது. முதலில் குழாயைக் குறை சொன்னார், பிறகு வடிகட்டியை, பிறகு மழைக்கால ஈரத்தை. இந்தத் திங்கட்கிழமை மூன்றே கால்தான் வந்தது. எட்டு தடவை ஊதியும் அதே கதை. “மெஷின் படுத்துருச்சு” என்று நோயாளிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

மெக்கானிக் பெண் வருடாவருடம் வந்து போகிறவள். வந்ததும் உருளையை இறக்கித் துடைத்து, மெஷினில் பொருத்தி அழுத்தினாள். திரையில் மூன்று லிட்டர், துல்லியமாக.

“இன்னொரு தடவ பாரும்மா.”

மூன்று தடவை பார்த்தாள். மூன்று தடவையும் மூன்றுதான்.

“மெஷின் கல்லு மாதிரி இருக்கு மாஸ்டர்.”

“அப்ப மூணே கால் எப்படி வரும்?”

அவள் சுவரில் இருந்த தாளைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். மாஸ்டருக்கு, மாடிப்படி நீளமாகிவிட்டது என்று வீட்டில் மனைவியிடம் ஆறு மாதமாகப் புலம்புவது நினைவுக்கு வந்தது. படிகள் அதே பதினெட்டுதான்.

“உக்காருங்க. ஒழுங்கா ஒரு தடவ பார்த்துடலாம், டாக்டருக்கு அனுப்பலாம்.”

திங்கட்கிழமைகளில் நின்றபடியே ஊதுகிறவர், நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

“விவரம் கேக்குது மாஸ்டர். வயசு?”

“ஐம்பத்தி ரெண்டு.”

“சிகரெட் உண்டா?”

மாஸ்டர் மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கினார். “எப்பவாவது.”

அவள் தலை நிமிராமல் தட்டினாள். எத்தனை எழுத்து தட்டினாள் என்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘தினமும்’தான். பிறகு அவர் மூக்கில் கிளிப்பை மாட்டினாள். மாஸ்டர் மூச்சை நிறைய இழுத்து ஊதினார்.

“ஊதுங்க மாஸ்டர், ஊதுங்க. இன்னும் இருக்கு, விடாதீங்க!”

இல்லை என்று அவருக்குத்தான் தெரியும்.